கை பொறுக்காத சூடு

பள்ளிப்பட்டு மேல்நிலைப் பள்ளியில்
கம்ப்யூட்டர் ஒன்பது, ஓடுவது ஆறு.
ஆறில் ஒன்றின் முன்னால் நானும் முனிலட்சுமியும்.
ஒரே மவுஸ். அதனால்
ஒருத்தி கை, ஒருத்தி கண்.

திரையில் பியூரெட் எப்போதும் நேராக நிற்கும்.
திருகு இறுகாது. கண்ணாடியில் கறை இல்லை.
ஒரு சொடுக்குக்கு ஒரு சொட்டு.
ஊதா விழும், குடுவையில் காணாமல் போகும்,
மறுபடி விழும்,
ஏதோ ஒரு சொட்டில் வெளிர்சிவப்பு வந்து
போகாமல் நிற்கும்.
இருபது புள்ளி பூஜ்யம்.
நேற்றும் அதே. முந்தாநாளும் அதே.

நல்ல பிள்ளைகளாகச் செய்து சலித்த பிறகு
கெடுத்துப் பார்க்க ஆரம்பித்தோம்.
ஐம்பது மில்லியையும் மொத்தமாகத் திறந்துவிட்டோம்.
அமிலத்தில் தண்ணீரை ஊற்றினோம்:
தாளிக்கிற மாதிரி ஒரு சத்தம்,
பிறகு, "மீண்டும் தொடங்கு".
முனிலட்சுமி நோட்டின் கடைசிப் பக்கத்தில்
கணக்கு வைத்திருந்தாள்.
இரண்டு வாரத்தில் நாற்பத்தொரு குடுவை,
மூன்று முறை கண்பார்வை.
அபராதம் ஒரு பைசா இல்லை.

ஹைட்ரஜன் சல்பைடு வரும் இடத்தில்
திரை எழுத்தில் காட்டும்: அழுகிய முட்டையின் வாசனை.
அவள் வீட்டுத் தெலுங்கில் நாற்றமும் வாசனைதான்.
என் வீட்டில் அந்தச் சொல்
ஊதுபத்திக்கும் கல்யாண பிரியாணிக்கும் மட்டும்.
யார் சரியென்று திரையைக் கேட்டு என்ன செய்ய,
அதற்கு மூக்கில்லை.

நடுவே கரண்ட் போகும்.
தெருவின் விசைத்தறிகள் ஒரே மூச்சில் அடங்கும்,
எங்கள் பன்னிரண்டாவது மில்லியும் அடங்கும்.
வந்ததும் எல்லாம் பூஜ்யத்திலிருந்து.

ஜனவரி கடைசி வியாழன் நிஜ ஆய்வகம்.
கதவு திறந்ததும் ஒரு நெடி
பேர் சொல்லாமல் வந்து தொண்டையில் உட்கார்ந்தது.
"தெர்மாமீட்டர் உடைஞ்சு வருஷமாச்சு" என்றார் பொற்கொடி மிஸ்.
"புறங்கையில வச்சுப் பாரு,
கை பொறுக்கலைன்னா இறக்கு."
திரையில் அது அறுபது டிகிரி.
இங்கே அது முனிலட்சுமியின் "அம்மாடி!"

என் கை நடுங்கவில்லை. எனக்கே ஆச்சரியம்.
எந்த விரல் எதைப் பிடிப்பது,
ஊதாவுக்கு எந்த விளிம்பைப் படிப்பது,
எல்லாம் தெரிந்திருந்தது.
போகாத ஊருக்கு வழி கேட்டு வைத்திருந்தோம்,
வழி சரியாகவே இருந்தது.

திருகு மட்டும் வேறு ஆள்.
அசைய மாட்டேன் என்று நின்று
அசைந்தால் சேர்ந்தாற்போல் நான்கு சொட்டு.
அதைவிட, முதல் சொட்டு மறையவே இல்லை.
அதற்குள் முடிந்துவிட்டதா என்று பயந்து
சுழற்றினேன், சுழற்றினேன்;
யோசித்து யோசித்துக் கரைந்தது.
திரை இதைச் சொல்லவில்லை.
சொல்லியிருக்கலாம், நாங்கள்தான்
குடுவை உடைக்கும் அவசரத்தில் இருந்தோம்.

பதினெட்டு மில்லியில் கரண்ட் போனது.
மின்விசிறி நின்றது, தறிகள் நின்றன,
பழக்கத்தில் என் கையும் நின்றது.
குடுவைக்குள் மட்டும் எதுவும் நிற்கவில்லை.
ஜன்னல் வெளிச்சத்தில் ஊதா
தன்பாட்டுக்கு நிறமிழந்துகொண்டிருந்தது.
அந்த அமைதியில்
ஒரு சொட்டு விழும் சத்தத்தை
முதல்முறையாகக் கேட்டேன்.

பத்தொன்பது புள்ளி எட்டு.
இருபது புள்ளி மூன்று.
இருபது புள்ளி மூன்று.
பக்கத்து மேசையில் இருபது என்று எழுதினார்கள்,
மனப்பாடமாக, மூன்று முறை.
முனிலட்சுமி பேனாவைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள்.
நான் மேசையைப் பார்த்தேன்.
"மீண்டும் தொடங்கு" எங்கும் இல்லை.
வந்ததை எழுதினோம்.

விரலில் பழுப்புக் கறை. சோப்புக்கு அசையவில்லை.
நகரி பஸ்ஸில் சில்லறை நீட்டியபோது
கண்டக்டர் விரலைப் பிடித்துப் பார்த்து
"ஓட்டேசாவா அம்மா?" என்றார்.
"இருபது புள்ளி மூன்று" என்றாள் முனிலட்சுமி.
அவர் தலையை ஆட்டிக்கொண்டே
டிக்கெட்டைக் கிழித்தார்.